எட்டு கிலோமீட்டர்தானே

கோவிலம்பாக்கம் ஏரிக்கரையில் விடியற்காலையில் ஓடுகிறவர்கள் என்று எங்களைச் சொல்லிக்கொள்வது சற்று மிகையானது. நாங்கள் நால்வர். நால்வருக்கும் நாற்பது கடந்துவிட்டது. பாதித் தொலைவு ஓட்டம், மீதித் தொலைவு பேச்சு. முதலில் புத்தகங்களைப் பற்றிப் பேசுவதற்காக ஞாயிறு மாலைகளில் கூடியவர்கள்தாம். இருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு இரத்த அழுத்தம் என்று ஆனபிறகு, மாலைப் பேச்சு காலைக்கு மாறியது. மேடவாக்கம் பிரதான சாலையில் மெட்ரோ வேலைகள் தொடங்கியதும் சாலையோரம் ஓடுவது இயலாமல் போய் ஏரிப் பக்கம் ஒதுங்கினோம். மண் தரையில் ஓடும் சுகம் அப்படித்தான் எங்களுக்கு அறிமுகமாயிற்று.

எங்களில் மூத்தவருக்கு ஐம்பத்திரண்டு வயது. அவரை அண்ணன் என்றே அழைப்போம். எதையும் கேலியாகத் திருப்பிச் சொல்லும் இயல்புடையவர். அந்த இயல்பு இக்கட்டுரைக்கு முக்கியமானது. இனி இதில் 'நாங்கள்' என்று வருமிடங்களில் பெரும்பாலும் அவர் நீங்கலாக மற்ற மூவர் என்று கொள்க. அப்படிப் பிரிக்க நேர்ந்தது எப்படி என்பதைத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், பங்குனி மாதத்து ஞாயிறு ஒன்றில், தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் எட்டு கிலோமீட்டர் மண்பாதை ஓட்டம் ஒன்று நடந்தது. ஓட்ட ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து நடத்திய சிறிய பந்தயம். நூறு பேருக்கும் குறைவாகவே வந்திருந்தார்கள். எங்களில் ஒருவர் சென்னை மாரத்தானில் அரை தூரம் ஓடியிருந்தார். இன்னொருவர் 2008-ல் தொடங்கிய ஆரோவில் மாரத்தானில் செம்மண் காட்டுப் பாதைகளில் பத்து கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து பல மாதங்கள் அதையே பேசிக்கொண்டிருந்தவர். ஆகவே எட்டு என்ற எண் யாரையும் அச்சுறுத்தவில்லை. "எட்டு கிலோமீட்டர்தானே" என்று நாங்கள் எத்தனை முறை சொல்லியிருப்போம் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறோம்.

அண்ணன் மட்டும், "மாரத்தான் நாவல் மாதிரி. நடுவுல நூறு பக்கம் தொய்ஞ்சாலும் வாசகன் மன்னிச்சுடுவான். இது சிறுகதை, ரெண்டாவது வரியிலேயே கழுத்தைப் புடிக்கும்" என்றார். சிரித்தோம். அவர் சொன்னதில் இருந்த உண்மை ஓடத் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் புரிந்தது.

பாதையைச் சொல்லிவிடுகிறோம். அம்மன் கோயில் திடலில் தொடக்கம். முதல் முக்கால் கிலோமீட்டர் அகன்ற மண்சாலை. அதன்பின் ஏரிக்கரை ஏறும் ஒற்றையடிப் பாதை. ஒற்றையடிப் பாதையில் முந்த இயலாது என்று எல்லோருக்கும் தெரியுமாதலால், அந்த முக்கால் கிலோமீட்டரை எல்லோரும் நூறு மீட்டர் பந்தயம்போல் ஓடினார்கள். நாங்களும் ஓடினோம். கரையில் ஏறும்போதே மூச்சு நெஞ்சில் அடைத்தது. கரையிலிருந்து மதகுப் பக்கம் இறங்கினால் வற்றிய ஏரியின் தரை. மாடுகள் ஈரத்தில் நடந்த குளம்படிகள் அப்படியே காய்ந்து கல்லாகிக் கிடந்தன. ஓர் அடிகூட மறு அடியைப்போல் விழவில்லை. பிறகு சீமைக்கருவேலம் இருபுறமும் கவிந்த தடம், அதைத் தாண்டிக் கைவிடப்பட்ட கல்குவாரியின் ஓரமாக ஓர் ஏற்றம், உதிரிச் சல்லி நிறைந்த இறக்கம், மணல் ஓடை. இதே வட்டம் இரண்டு முறை.

பல்லாவரம், திரிசூலம் தொடங்கித் தென்புறமாக இந்தப் பகுதி முழுவதும் இந்தக் கல்லின் ஊர்தான். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் வைக்கப்பட்ட கல்லும் இதே வகை என்பதால், 1893-ல் தாமஸ் ஹாலண்ட் இதற்குச் சார்னோகைட் என்று பெயரிட்டார். பல்லாவரத்தில்தான் 1863-ஆம் ஆண்டு மே 30 அன்று இராபர்ட் புரூஸ் ஃபூட் பழங்கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தத் தரையில் மனிதக் கால்கள் நெடுங்காலமாகப் பழகியவை. பழகாதவை எங்கள் கால்கள். மெத்தென்ற காலணிக்குள் தரையின் செய்தி எதுவும் வந்து சேராமல், சல்லியில் வழுக்கியபின்தான் அது சல்லி என்றே தெரிந்தது.

ஒரு மண்பாதை ஓட்டத்தின் கடுமையை எப்படி அளப்பது? பிரித்தானியாவின் மலையோட்டச் சங்கத்தினர் கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். கிலோமீட்டருக்குச் சராசரியாக 50 மீட்டர் ஏற்றம் இருந்தால் அது முதல் வகுப்பு, 25 இருந்தால் இரண்டாம் வகுப்பு, 20 இருந்தால் மூன்றாம் வகுப்பு. அலாஸ்காவின் சூவர்ட் நகரில் 1915 முதல் நடந்துவரும் மவுண்ட் மாரத்தான் என்ற பந்தயத்துக்குப் பெயரில் மாரத்தான் இருந்தாலும் தொலைவு சுமார் 5 கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குள் 900 மீட்டருக்கு மேல் ஏறி இறங்க வேண்டும். எங்கள் ஓட்டத்தில் இரண்டு வட்டமும் சேர்ந்து மொத்த ஏற்றம் 140 மீட்டர். வகுத்துப் பார்த்தால் கிலோமீட்டருக்குப் பதினேழரை. பிரித்தானியர் கணக்கில் கடைசி வகுப்புக்கும் தேறாது.

ஆயினும் ஏற்றத்தின் விலை பெரிது. ஆல்பெர்ட்டோ மினெட்டியும் குழுவினரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், சமதரையில் ஓடுவதற்கு ஆகும் ஆற்றலைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் 45 சதவீதச் சரிவில் ஏறி ஓடத் தேவைப்படுவதைக் கண்டார்கள். இறங்கும்போது செலவு குறையும். ஆனால் தொடைத் தசை விரிந்துகொண்டே எடையைத் தாங்க வேண்டியிருப்பதால் வலியும் சிதைவும் அங்கேதான் நேர்கின்றன. மணலின் கணக்கு வேறு. பெல்ஜிய ஆய்வாளர்கள் 1998-ல் அளந்தபடி, கெட்டித் தரையைவிட மணலில் ஓடுவதற்கு 1.6 மடங்கு ஆற்றல் செலவாகிறது. நம் கால் தள்ளுகிற விசையில் ஒரு பகுதியை மணல் வாங்கிக்கொண்டு திருப்பித் தருவதில்லை.

இவற்றுக்கும் மேலாக, நீண்ட ஓட்டத்தில் ஒருவர் தம்மை அடக்கி வைத்துக்கொள்கிறார். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் என்றால் முதல் மணி நேரம் சேமிப்புக் காலம். தண்ணீர்ப் பந்தல் இருக்கும், நடக்கலாம், நடப்பதில் வெட்கமில்லை. எட்டு கிலோமீட்டரில் அந்த அனுமதியை நாம் நமக்கே கொடுப்பதில்லை. முடியப்போகிறது, முடியப்போகிறது என்று உடலிடம் சொல்லிக்கொண்டே அதன் எல்லையில் வைத்து ஓட்டுகிறோம். பந்தயம் நடத்துகிறவர்களும் அவ்வாறே எண்ணுகிறார்கள். குறுகிய ஓட்டம்தானே என்று எங்கள் பாதையில் ஒரே ஓரிடத்தில் தண்ணீர் வைத்திருந்தார்கள். ஆறு மணிக்கென்று அறிவித்த தொடக்கம் ஏழேகாலுக்கு நகர்ந்தபோதும் எவரும் கவலைப்படவில்லை. நாங்களும் கவலைப்படவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

அன்று வெயில் கொளுத்தவில்லை. கடற்கரைப் பக்கத்து ஊர்களில் பங்குனி காலையின் ஏமாற்று அது. காற்று இதமாக இருப்பதுபோல் தோன்றும், ஆனால் ஈரத்தால் நிறைந்திருக்கும். வியர்வை சுரப்பதால் உடல் குளிர்வதில்லை. அது ஆவியாகும்போதுதான் குளிர்கிறது. ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்று அதை வாங்க மறுக்கிறது. வியர்வை சொட்டுச் சொட்டாக மண்ணில் விழுந்து வீணாகும். உள்ளே தசைகள் அடுப்பாய் எரிந்துகொண்டிருக்கும். வேகம் கூடினால் அடுப்பின் தீயும் கூடும். ஆகவே மெதுவான நீண்ட ஓட்டத்தைவிட விரைவான குறுகிய ஓட்டத்தில் உடல் சீக்கிரம் கொதிநிலையை எட்டிவிடக்கூடும்.

ஒரு குறுகிய ஓட்டம் எவ்வளவு கொடியதாகலாம் என்பதற்கு உலகம் கண்ட பெரிய சாட்சி, 1924 பாரிஸ் ஒலிம்பிக்கின் குறுக்கோட்டப் பந்தயம். தொலைவு பத்து கிலோமீட்டரும் சற்றும். ஜூலை 12, கடும் வெயில். வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியதாகச் சொல்கின்றன பதிவுகள். களையும் புதரும் மண்டிய பாதை. புறப்பட்ட 38 பேரில் ஓடி முடித்தவர்கள் 15 பேர். இரண்டு நாட்களுக்கு முன்தான் ஒரே நாளில் 1500 மீட்டரிலும் 5000 மீட்டரிலும் தங்கம் வென்றிருந்த பின்லாந்தின் பாவோ நூர்மி, ஏதும் நடவாததுபோல் முதலாவதாக வந்தார். அவருக்குப் பின்னால் மைதானத்துக்குள் வந்தவர்கள் தள்ளாடினார்கள், விழுந்தார்கள். அணியின் வெற்றிக்கு மூன்றாமவரும் முடித்தாக வேண்டும். பின்லாந்தின் மூன்றாமவரான லீமடைனன், முடிந்துவிட்டதென்று நினைத்துக் கோட்டுக்குச் சற்று முன்னே நின்று திரும்பிவிட்டார். பிறகே உணர்ந்து எல்லையைத் தொட்டார். அதற்குப்பின் ஒலிம்பிக்கில் குறுக்கோட்டம் நடைபெறவே இல்லை.

கோடு கண்முன்னே இருக்க, அது எங்கேயென்று தெரியாமல் ஒரு மனிதன் நிற்பது. கால் ஓய்ந்தவனின் நிலை வேறு, இது வேறு. இங்கே தளர்ந்திருப்பது மூளை. இதைப் பிற்பாடு படித்தபோது எங்களுக்குள் யாரும் வெகுநேரம் பேசவில்லை.

ஆறாவது கிலோமீட்டர் முடியுமிடத்தில், இரண்டாம் வட்டத்தின் குவாரி ஏற்றத்துக்குச் சற்று முன், மூன்று பனைமரங்கள் சேர்ந்து நிற்கும். அதில் ஒன்றின் அடியில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். முதல் வட்டத்தில் அவர் எங்களுக்கு முன்னால்தான் ஓடிக்கொண்டிருந்தார். ஆகவே அவரைக் கண்டதும் எங்களுக்கு முதலில் தோன்றியது, வெட்கத்தோடு சொல்கிறோம், ஓர் அற்ப மகிழ்ச்சி. பிடித்துவிட்டோம் என்பது.

"என்னண்ணே, ஆயிடுச்சா?" என்றோம்.

"நீங்க போங்க, வரேன்" என்றார். பிறகு எங்களைப் பார்த்து, "கீழ்க்கட்டளை பஸ் வந்துடுச்சா?" என்று கேட்டார்.

நாங்கள் சிரித்துவிட்டோம். அது அண்ணன் கேட்கக்கூடிய கேள்விதான். கருவேலங்காட்டு நடுவில் கீழ்க்கட்டளை பஸ். சிரித்தபடியே ஏற்றத்தில் ஏறினோம். எங்களில் மூன்றாமவர் ஒரு நிமிடம் கழித்து வந்தவர், கையை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டு ஓடினார். அண்ணன் பதிலுக்குக் கை உயர்த்தினாரா என்று அவருக்கு இன்றுவரை நினைவில்லை.

இப்போது யோசித்தால் எல்லாமே தெரிகிறது. அவர் குரல் குழறியிருந்தது. முகம் சிவந்திருந்தது. கேட்டபோது அவர் முகத்தில் கேலி இல்லை. உண்மையிலேயே அவர் பஸ்ஸுக்காகக் காத்திருந்தார். இரண்டு நாள் முன்பு அவருக்குக் காய்ச்சல் வந்து போயிருந்தது. எங்களிடம் சொன்னால் வரவிடமாட்டோம் என்று மறைத்திருந்தார். காய்ச்சலிலிருந்து மீண்டு சில நாட்களே ஆன உடலை வெப்பம் எளிதில் வீழ்த்தும் என்பதை மருத்துவர் சொல்லித்தான் அறிந்தோம். ஆனால் அன்று பார்க்க முடியாமல் போனதற்கு அறியாமை மட்டும் காரணமில்லை. இன்னும் இரண்டு கிலோமீட்டர்தான் மிச்சமிருந்தது. நீண்ட ஓட்டமாக இருந்திருந்தால் நின்றிருப்போம் என்று நினைக்கிறோம். நிற்பதற்கு ஒரு சாக்காக அவரைப் பயன்படுத்திக்கொண்டிருப்போம்.

ஓடி முடித்தோம். நீர்மோர் குடித்தோம். கழுத்தில் பதக்கம் தொங்கப் படம் எடுத்துக்கொண்டோம். அண்ணன் நடந்து வருவார் என்று காத்திருந்தோம். இருபது நிமிடம் கழித்து டிவிஎஸ் ஃபிஃப்டியில் ஒரு பையன் வந்து, "மஞ்ச பனியன் போட்ட ஐயாவோட வந்தவங்க யாரு?" என்று கேட்டான்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆயா ஒருவர்தான் அவரைப் பார்த்திருக்கிறார். பனையடியில் சாய்ந்து விழுந்தவரிடம் போய்ப் பேச்சுக் கொடுத்திருக்கிறார். பதில் வரவில்லை. பக்கத்துக் கத்தரித் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த பேரனைக் கூப்பிட்டு, இருவருமாக அவரைத் தூக்கிப் பம்புசெட் தொட்டியில் கழுத்தளவு நீரில் இறக்கி, ஆயா தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, முந்தானையை நனைத்து நனைத்து நெற்றியில் வைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் கண்விழித்திருந்தார். எங்களை அடையாளம் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

ஆயா எங்களை ஏறிட்டுப் பார்த்தார். "தம்பிங்களா, இவரு ஒக்காந்திருக்கச்சொல்ல மூணு பேரு தாண்டிப் போனதப் பாத்தேன். பேசிட்டுக்கூடப் போனீங்க. அது நீங்கதானே?"

நாங்கள் பதில் சொல்லவில்லை. கழுத்திலிருந்த பதக்கங்களை அப்போதுதான் கழற்றினோம்.

108 வண்டி வர அரை மணி நேரமாயிற்று. மருத்துவமனையில் நான்கு நாட்கள். சிறுநீரகமும் கல்லீரலும் பழைய நிலைக்குத் திரும்ப மூன்று வாரம். அந்தத் தொட்டிதான் அவரைக் காப்பாற்றியது என்றார் மருத்துவர். வெப்பத் தாக்கில் உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி மூளையைக் குழப்பிவிடும். எவ்வளவு நேரம் அந்த வெப்பத்தில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தே பிழைப்பதும் உறுப்புகள் மிஞ்சுவதும். ஆகவே முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் தூக்கிச் செல்ல வேண்டும்.

அதே ஆயா செய்ததைத்தான் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபால்மத் என்னும் கடற்கரை ஊரிலும் செய்கிறார்கள். அங்கு ஆகஸ்டு மாத ஈரக் காற்றில் நடக்கும் சாலையோட்டத்தின் தொலைவு 11 கிலோமீட்டரும் சற்றும். பதினெட்டு ஆண்டுப் பதிவுகளை ஆய்ந்து 2014-ல் வெளியிட்ட கட்டுரையில் 274 பேருக்கு வெப்பத் தாக்கு நேர்ந்ததைக் கணக்கிட்டார்கள். ஆயிரம் பேர் ஓடி முடித்தால் ஏறத்தாழ இருவர். மாரத்தானில் கால்பங்குதான் தொலைவு என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும். அத்தனை பேரும் பிழைத்தார்கள். முடிவுக் கோட்டருகே பனிநீர்த் தொட்டிகளை நிரப்பி வைத்துக்கொண்டு, விழுந்தவரை உடனே அதில் அமிழ்த்தியதே காரணம்.

அன்று முதல் எங்களுக்குள் இந்தப் பேச்சு ஓய்ந்தபாடில்லை. கடினமான ஓட்டம் எது? ஏற்றமா, மணலா, காற்றின் ஈரமா? எல்லாம் சேர்ந்தவைதாம். ஆனால் அந்த ஓட்டத்தில் எங்களால் செய்ய முடியாமல் போன ஒரே காரியம் நிற்பது. ஏற்றத்தில் ஏறிவிட்டோம், சல்லியில் விழாமல் இறங்கிவிட்டோம், மணலையும் கடந்துவிட்டோம். பனையடியில் நிற்க மட்டும் முடியவில்லை. மலைப்பாதைப் பந்தயங்கள் பலவற்றின் விதிகளில், இடரில் இருக்கும் சக ஓட்டக்காரருக்கு உதவுவது கட்டாயம் என்று எழுதியிருக்கிறார்கள். இதை ஏன் விதியாக எழுத வேண்டும் என்று முன்பு படித்தபோது வியந்திருக்கிறோம். எழுதத்தான் வேண்டும்.

ஆலன் சில்லிட்டோவின் நெடுந்தூர ஓட்டக்காரன் கதையை எங்கள் ஞாயிறுக் கூட்டத்தில் ஒருமுறை விவாதித்திருக்கிறோம். 1959-ல் வந்த கதை. சீர்திருத்தப் பள்ளிச் சிறுவன், எளிதில் வெல்லக்கூடிய குறுக்கோட்டப் பந்தயத்தில், கோட்டுக்கு முன்னால் வேண்டுமென்றே நின்றுவிடுகிறான். அதிகாரத்துக்கு எதிரான செயல் என்று அன்று பேசினோம். அவன் கால்கள் ஓடு ஓடு என்று சொல்லியிருக்குமே, அவற்றை எப்படி நிறுத்தினான் என்று எங்களில் எவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மாதம் ஒன்று கழிந்து ஆயாவைப் பார்க்கப் போனோம். அண்ணனும் வந்தார். புடவை, பழங்கள், அண்ணி செய்து கொடுத்த அதிரசம். ஆயா அதிரசத்தைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "அன்னிக்கி ஓடினீங்களே, யாரு ஜெயிச்சாங்க?" என்று கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. அண்ணன்தான், "ஆயா, நான் கேட்ட பஸ்சு இன்னும் வரல" என்றார். நாங்கள் சிரிக்கவில்லை. ஆயா சிரித்தார்.

இப்போதும் ஏரிக்கரைக்குப் போகிறோம். அண்ணன் ஓடுவதில்லை, நடக்கிறார். சில நாட்களில் பாதியில் கல்மீது உட்கார்ந்து, "நீங்க போங்க, வரேன்" என்கிறார். நாங்களும் உட்கார்ந்துவிடுகிறோம். "நடக்கறவனுக்கு எதுக்குய்யா மூணு பேர் காவல்?" என்று அவர் கடிந்துகொள்கிறார். பதில் சொல்லாமல் ஏரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவர் எழுந்தபிறகு எழுகிறோம்.